சிங்கப்பூர்லேர்ந்து கேஎல் (கோலாலம்பூர்) போக ஹைவே மட்டும்தானா? யோங் பெங்ல இறங்கி உள்ரோட்டுல போறது எப்படி

ஜூன் லீவு, டிசம்பர் லீவு, தைப்பூசம், தீபாவளிக்கு முந்தின சனி ஞாயிறுன்னு எப்ப பாத்தாலும் நம்ம ஆளுங்க பாதிப் பேரு ஒரே ரோட்டுலதான் நிக்கிறோம். ஜொகூர் போற காஸ்வே பாலத்துல ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் நார்த் சவுத் ஹைவேல ஏறினா அங்கயும் சிவப்பு லைட்டு வரிசை, ஆர் அண்ட் ஆர்ல (ஹைவே ஓரத்து ஓய்வு இடம்) கார் போட இடம் இல்ல, பாத்ரூமுக்கு க்யூ, ஒருவழியா கேஎல் போய் சேரும்போது வண்டிக்குள்ள யாருக்கும் யாரோடயும் பேசவே பிடிக்காது. லீவுக்குத்தான் கிளம்புறோம், அதுல முதல் நாள் முழுசா இப்படியே போயிடுது.

இந்த ஹைவே முழுசா திறந்தது 1994லதாங்க. அதுக்கு முன்னாடி சிங்கப்பூர்லேர்ந்து கேஎல் போற பஸ், லாரி, கார் பெரும்பாலும் ஃபெடரல் ரோடு 1லதான் போச்சு, இன்னமும் நம்ம பெரியவங்க ‘பழைய ரோடு’ன்னு சொல்றது அதைத்தான். ஜேபி (ஜொகூர் பாரு), கூலாய், ஆயர் ஹீத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட், கெமாஸ், தம்பின், ரெம்பாவ், சிரம்பான்னு ஊர் ஊரா உள்ள பூந்து போகும். அந்த ரோடு எங்கயும் போயிடல, நல்லா தார் போட்டு, டோல் இல்லாம அப்படியேதான் இருக்கு. நான் கொஞ்ச வருஷமா லீவுக்குப் போனா இதுலதான் போறேன், அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், சிங்கப்பூர்லேர்ந்து கேஎல் வரைக்கும் மொத்தமும் பழைய ரோட்டுலதான் போவேன்னு அடம் பிடிக்காதீங்க. ஜேபியத் தாண்டி ஸ்கூடாய், செனாய், கூலாய் பக்கமெல்லாம் பழைய ரோடு ஒரே சிக்னல், ஒரே லாரி, ரெண்டு பக்கமும் டயர் கடையும் ஃபர்னிச்சர் கடையும்தான், பாக்க ஒண்ணும் இல்ல. அங்க ஒரு மணி நேரத்த விட்டீங்கன்னா வீட்டுல இருக்கறவங்க அதோட ‘ஹைவேலயே போயிருக்கலாம்’னு ஆரம்பிச்சிடுவாங்க. அதனால ஜேபிலேர்ந்து யோங் பெங் வரைக்கும் ஹைவேலயே போங்க, நூறு கிலோமீட்டர் சொச்சம், வேகமா முடிஞ்சிடும். யோங் பெங் எக்ஸிட்ல இறங்கி அங்கேர்ந்து ரோடு 1ஐப் பிடிங்க. உள்ரோட்டுப் பயணம்னா ஹைவேய தொடவே கூடாதுன்னு இல்ல, எந்தத் துண்டு பாக்குற மாதிரி இருக்கோ அந்தத் துண்டுக்கு மட்டும் இறங்கணும், அவ்வளவுதான்.

இப்ப வழி எப்படிப் பொறுக்குறதுன்னு பாப்போம். நெறைய பேரு போன்ல மேப் ஆப்ப திறந்து, சிங்கப்பூர் டு கேஎல்னு போட்டு, அதுல ‘ஹைவே வேணாம்’னு ஒரு செட்டிங் இருக்கும்ல, அத அமுக்கிட்டு கிளம்பிடுறாங்க. அப்படிப் பண்ணாதீங்க. அந்த செட்டிங்குக்கு நல்ல ரோடு எது, பொட்டல் ரோடு எதுன்னு தெரியாது, ஹைவே இல்லாம சீக்கிரம் போற வழி எதுவோ அதைக் காட்டும், அது தோட்டத்து செம்மண் ரோடா இருந்தாலும் காட்டும். நான் பட்டிருக்கேன். ஒரு தடவ லாபிஸ் பக்கம் சாயங்காலம் ஆறரை மணி, மேப் ‘லெஃப்ட் திரும்பு, 14 நிமிஷம் மிச்சம்’னு சொல்லுச்சு, சரின்னு திரும்பிட்டேன். முதல் ரெண்டு கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் கல்லு, அப்புறம் செம்மண்ணு, ரெண்டு பக்கமும் செம்பனை, அதான் பாமாயில் மரம், பழம் ஏத்துற லாரி போய்ப் போய் ரோடே ரெண்டு பள்ளமா ஆகியிருக்கு, என் கார் அடிப்பக்கம் நடுமேட்டுல தேய்ற சத்தம் கேக்குது. செம்பனைத் தோட்டத்துல வெளிச்சம் வெளிய விட அரை மணி நேரம் முன்னாடியே போயிடும், மட்டை எல்லாம் மேல கூடி மூடிக்கும். கடைசில ஒரு இரும்பு கேட், பூட்டியிருக்கு. காவலுக்கு இருந்தவர் நம்ம ஆளு, அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும், டார்ச் அடிச்சு நம்பர் பிளேட்டப் பாத்துட்டு “சிங்கப்பூரா தம்பி? இது தோட்டத்து ரோடு, அந்தப் பக்கம் போனா ஆறு, பாலம் கெடையாது, வந்த வழியே திரும்புங்க, நான் முன்னாடி போறேன்”னு சொல்லி மோட்டார் சைக்கிள்ல மெயின் ரோடு வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாரு. காசு குடுத்தேன், வாங்கல. அவரு இல்லன்னா ராத்திரி பூரா அந்தத் தோட்டத்துக்குள்ளதான் சுத்தியிருப்போம்.

அதுக்கப்புறம் நான் ஒரு விஷயத்த மட்டும் விடாம பாக்குறேன், ரோட்டு நம்பர். மலேசியால வெறும் நம்பர் இருந்தா, 1, 9, 10, 51 இந்த மாதிரி, அது ஃபெடரல் ரோடு. நம்பருக்கு முன்னாடி எழுத்து இருந்தா மாநில ரோடு, ஜொகூருக்கு ஜே, நெகிரி செம்பிலானுக்கு என், பஹாங்குக்கு சி. ஈ போட்டிருந்தா டோல் ஹைவே. சைன்போர்டு கலர வச்சும் சொல்லிடலாம், ஹைவே போர்டு பச்சை, மத்த ரோட்டு போர்டு நீலம். மேப்ல உங்க வழியப் பெருசாக்கிப் பாருங்க, ஃபெடரல் ரோடா இருந்தா கண்ண மூடிட்டு நம்பலாம், மாநில ரோடுன்னா பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், பகல்ல போங்க. நம்பரே இல்லாத கோடுன்னா அது கம்பத்து (கிராமத்து) ரோடு, இல்லன்னா தோட்டத்து ரோடு, எத்தன நிமிஷம் மிச்சமானாலும் திரும்பாதீங்க. சந்தேகமா இருந்தா சாட்டிலைட் படத்துல பாருங்க, சாம்பல் கலரா இருந்தா தார், ஆரஞ்சா இருந்தா மண்ணு.

அடுத்தது, எங்க போறோம்னு போடுறதுக்கு முன்னாடி எங்கெங்க நிக்கப்போறோம்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு இல்ல மூணு இடம், அதுக்கு மேல வேணாம். அந்த ஊர்ப் பேர ஒவ்வொண்ணா மேப்ல நடுவுல சேருங்க, யோங் பெங், லாபிஸ், சிகாமட், கெமாஸ், தம்பின்னு, அப்ப அது தானா பழைய ரோட்டுக்கு வந்துடும், குறுக்கு வழி காட்டுறதும் குறையும். தோட்டத்துக்குள்ள சிக்னல் போகும் வரும், அதனால வீட்டுலயே அந்தப் பகுதி மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க.

நேரக் கணக்கையும் சொல்லிடுறேன். ஹைவேல ஜேபி டு கேஎல் 330 கிலோமீட்டர், ஜாம் இல்லன்னா நாலு மணி நேரம். உள்ரோட்டுல மேப் அஞ்சரை மணி நேரம்னு காட்டும், அத நம்பாதீங்க, லாரிக்குப் பின்னாடி போற நேரம், டவுனுக்குள்ள சிக்னல், ஸ்கூல் விடுற நேரம் எல்லாம் சேர்த்து நின்னு நின்னு போனா எட்டு மணி நேரம் வச்சுக்குங்க. ஒரே நாள்ல கேஎல் போயே ஆகணும், கல்யாணம் இருக்கு, ஃப்ளைட் இருக்குன்னா ஹைவேதான் சரி. உள்ரோடு எடுத்தா வழில ஒரு ராத்திரி தங்குற மாதிரி பிளான் போடுங்க.

சரி, ரோட்டுக்கு வருவோம். யோங் பெங்லேர்ந்து சாஆ தாண்டி லாபிஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் செம்பனைதான். முதல் பத்து நிமிஷம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அப்புறம் கண்ணு பழகும். தோட்டத்துப் பேரு போட்ட போர்டு, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மாரியம்மன் கோயிலு, மரத்தடில முனீஸ்வரன், வேல் நட்டு மஞ்சத்துணி கட்டியிருக்கும், கொஞ்சம் தள்ளி தமிழ்ப்பள்ளி போர்டு. சிங்கப்பூர்ல இருக்கற நம்ம குடும்பங்கள்ல எத்தன பேருக்கு தாத்தா பாட்டி இந்தத் தோட்டங்கள்லேர்ந்து வந்தவங்க, நமக்குத் தோட்டத்துப் பேரு கூட சரியாத் தெரியாது. ஹைவேல போனா அந்த போர்டு எதுவும் கண்ணுல படாது, அவ்வளவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு.

எங்க அம்மா லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவங்க, கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்தவங்க. முதல் தடவ இந்த ரோட்டுல கூட்டிட்டுப் போனப்ப சாஆ தாண்டினதும் பேச்ச நிறுத்திட்டாங்க, ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாங்க, திடீர்னு “நிறுத்து, நிறுத்து, இந்த வளைவுதான்”னாங்க. இறங்கிப் பாத்தா லயம் (தோட்டத்து வரிசை வீடு) ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் இடிச்சு செம்பனை நட்டுட்டாங்க, அம்மா காலத்துல பால்மரமாம், அதான் ரப்பர். கோயிலு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சு நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. அம்மாதான் காட்டினாங்க, செம்பனைக்கு நடுவுல ஒரே நேர்க்கோட்டுல அஞ்சு முருங்கை மரம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி. “ஒரு வீட்டுக்கு ஒரு முருங்கை, குசினிக்குப் பின்னாடி. மூணாவது நம்ம வீடு.” அஞ்சு மரத்த வச்சு லயம் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுதுன்னு நடந்து காட்டினாங்க, பைப்பு எங்க இருந்துச்சு, காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு எங்க நின்னாங்க, எல்லாம். உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுட்டு, அந்தத் தோட்டத்துப் பேர எழுதி வச்சுக்கிட்டு போங்க, உங்க மூணு ஸ்டாப்புல ஒண்ணு அதுவா இருக்கட்டும். இப்ப அது தனியார் நிலம், கோயில் வரைக்கும் போகலாம், அதுக்கு உள்ள போகணும்னா கேட்ல கேட்டுட்டுப் போங்க, நம்ம கதைய சொன்னா யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல.

சிகாமட் பெரிய டவுன், சாப்பாட்டுக்கு அங்க நிக்கலாம், வாழையிலைக் கடை இருக்கு. டுரியான் சீசன்ல ரோட்டோரமே கடை போட்டிருப்பாங்க, சிங்கப்பூர் விலையோட ஒப்பிட்டா மனசு ஆறும். அங்கேர்ந்து பத்து ஆனாம் தாண்டி கெமாஸ் போற வழில வானம் தெளிவா இருந்தா இடது பக்கம் குனோங் லேடாங் தெரியும், 1,276 மீட்டர், காலைல போனாத்தான், மத்தியானத்துக்கு மேல மேகம் மூடிக்கும்.

கெமாஸ் ரயில்காரங்க ஊரு, மேற்குப் பக்கம் போற தண்டவாளமும் கிழக்குக் கரைக்குப் போற தண்டவாளமும் அங்கதான் பிரியுது. அதைத் தாண்டி தம்பின் போற ரோட்டுல கெமென்சே பாலம் இருந்த இடத்துல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, கண்டிப்பா நில்லுங்க, புள்ளைங்களுக்குக் காட்டுங்க. 1942 ஜனவரி 14ஆம் தேதி, ஜப்பான்காரங்க சைக்கிள்ல வரிசையா இந்த ரோட்டுலதான் தெற்கே வந்துக்கிட்டிருந்தாங்க, ஆஸ்திரேலியப் படை காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து, பாதிப் பேரு பாலத்தத் தாண்டினதும் மரப்பாலத்த வெடி வச்சுத் தகர்த்தாங்க. அப்படியும் சரியா ஒரு மாசம் ஒரு நாள்ல, பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்துடுச்சு. ஸ்கூல்ல நம்ம எல்லாரும் படிச்சதுதான், ஆனா அந்தச் சின்ன ஆத்தங்கரைல நின்னு, நம்ம கார்ல வந்த அதே ரோட்டப் பாக்கும்போது என் பையன் கேட்டான், “இங்கேர்ந்து நம்ம வீடு வரைக்கும் சைக்கிள்லயேவாப்பா?”ன்னு.

கெமாஸ்ல ரெண்டு வழி இருக்கு. நேரா ரோடு 1லயே தம்பின், ரெம்பாவ், சிரம்பான்னு போயிடலாம், முதல் தடவ போறவங்களுக்கு அதான் சுலபம். ரெம்பாவ் பக்கம் வந்ததும் வீட்டுக் கூரை மாறும், ரெண்டு முனையும் எருமைக் கொம்பு மாதிரி மேல வளைஞ்சிருக்கும், சுமத்ராலேர்ந்து வந்த மினாங்கபாவ் ஆளுங்க பாணி, சாப்பாட்டுக் கடைல மசாக் லெமாக் சிலி ஆப்பி கேளுங்க, மஞ்சள் தேங்காப்பால் குழம்பு, காரம் நம்ம ஊரு காரம்.

எனக்குப் பிடிச்சது ரெண்டாவது வழி. கெமாஸ்லேர்ந்து ரோடு 10 பிடிச்சு பகாவ், அங்கேர்ந்து கோலா பிலா, அப்புறம் ரோடு 51ல புக்கிட் புத்துஸ் மலையேறி சிரம்பான்ல இறங்குறது. வண்டி ரொம்பக் கம்மி, மலைத்தொடர் கிட்டக்க வரும், கம்பமும் வயலும் பழத்தோட்டமுமா பச்சை மாறிக்கிட்டே இருக்கும். பகாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு, ஜப்பான்காரங்க காலத்துல சாப்பாட்டுப் பஞ்சத்துக்காக சிங்கப்பூர்ல இருந்த யூரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் 1943 கடைசிலேர்ந்து அங்க காட்ட வெட்டிப் பயிர் பண்ண அனுப்புனாங்க, மலேரியால நெறைய பேரு செத்துப்போனாங்க. கோலா பிலா பக்கத்துல ஸ்ரீ மெனாந்தியில பழைய அரண்மனை ஒண்ணு இருக்கு, மொத்தமும் மரம், ஆணியே அடிக்காம கட்டினது, 99 தூணு. அப்பப்ப ரிப்பேர் வேலைக்கு மூடிடுவாங்க, அதனால போறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, மூடியிருந்தாலும் வெளிலேர்ந்து பாக்கவே போகலாம்.

மூணு நாலு நாள் இருக்கறவங்க இன்னும் உள்ள போகலாம், பெந்தோங், ரவூப், கோலா லிப்பிஸ்னு ரோடு 8, அது தனி பயணம், இன்னொரு நாள் எழுதுறேன். கிழக்குப் பக்கம் மெர்சிங் போறவங்க ஆயர் ஹீத்தாம்ல இறங்கி குளுவாங், காஹாங் வழியா ரோடு 50 எடுக்கலாம், ஆனா காஹாங் பக்கம் யானை ரோட்டக் கடக்கும், சும்மா போர்டு இல்ல, நெஜமாவே கடக்கும், இருட்டினப்புறம் அந்த ரோட்டுல போகாதீங்க.

ஓட்டுறதப் பத்தி கொஞ்சம். நம்ம ஊர்ல ஓட்டுறவங்களுக்கு, பிஐஇ எக்ஸ்பிரஸ்வே முழுசா ஓட்டினாலே 42 கிலோமீட்டர்தான், எதிர்ல வண்டி வர்ற ரோட்டுல ஓவர்டேக் பண்ற பழக்கமே கெடையாது. அதனால நிதானமா இருங்க. ரெட்டைக் கோடு இருந்தா தாண்டவே தாண்டாதீங்க. செம்பனைக் குலை ஏத்தின லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு போகாதீங்க, குலையே உருண்டு விழும், ஒரு குலை இருபது கிலோ இருக்கும். லாரிக்காரர் சிக்னல் போட்டு ‘போ’ன்னு சொல்ற மாதிரி இருக்கும், அத நம்பி வெளிய வராதீங்க, உங்க கண்ணுக்கு ரோடு தெரிஞ்சாத்தான் போகணும். பின்னாடி யாராவது அவசரமா வந்தா ஓரமா வேகத்தக் குறைச்சு விட்டுடுங்க, நமக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. ஃபெடரல் ரோட்டுல 90, டவுனுக்குள்ள 60, பண்டிகை நேரத்துல 90ஐ 80 ஆக்கிடுவாங்க. முக்கியமா ஏழு மணிக்குள்ள ரூமுக்குப் போயிடுங்க, இருட்டுல லைட்டு இல்லாத மோட்டார் சைக்கிள், மாடு, ரோட்டோரம் நடக்கறவங்க யாரும் தெரிய மாட்டாங்க.

மழைய மறந்துடாதீங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பருவமழை, இந்த சிகாமட், லாபிஸ், யோங் பெங் பக்கமெல்லாம் வெள்ளம் வர்ற இடம், 2006 டிசம்பர்லயும் 2011 ஜனவரிலயும் பெரிய வெள்ளம், 2023ல மார்ச் மாசம் வந்துச்சு. ரெண்டு நாளா விடாம பெய்யுதுன்னு செய்தி வந்தா அந்தத் தடவ ஹைவேலயே போங்க, ரோட்டுல தண்ணி ஓடுறதப் பாத்தா ஆழம் பாக்க இறங்காம திரும்பிடுங்க.

பார்டர் சமாச்சாரம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், சுருக்கமா: விஇபி (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள போக அனுமதி) ஸ்டிக்கர் ஒட்டி ஆக்டிவேட் ஆகியிருக்கணும், 2025 ஜூலைலேர்ந்து இல்லன்னா 300 ரிங்கிட் ஃபைன். டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டுல காசு இருக்கணும், 20 ரிங்கிட் ரோட் சார்ஜும் அதுலதான் போகும். சிங்கப்பூர விட்டு வெளிய போகும்போது டேங்க் முக்காலுக்குக் குறையக் கூடாது. அங்க பெட்ரோல் போட்டா ரோன் 97 மட்டும்தான், சிங்கப்பூர் வண்டிக்கு 95 போடக் கூடாது, சின்ன டவுன்ல சில ஸ்டேஷன்ல 97 தீந்துபோயிருக்கும், அதனால பாதி டேங்க் ஆனதுமே பெரிய டவுன்ல நிரப்பிக்குங்க. இன்சூரன்ஸ்ல மேற்கு மலேசியா கவர் ஆகுதா, அங்க வண்டி நின்னா இழுத்துட்டு வர்ற நம்பர் எதுன்னு பாத்து போன்ல போட்டுக்குங்க, வாடகை வண்டின்னா கம்பெனி எழுத்துல சரின்னு சொல்லணும். ரிங்கிட் சில்லறையா கொஞ்சம் கையில இருக்கட்டும், கம்பத்துக் கடைல கார்டு எடுக்க மாட்டாங்க.

முதல் தடவ போறவங்களுக்கு நான் சொல்ற கணக்கு இதுதான். சனிக்கிழமை விடியக்காலை நாலரைக்கு வீட்ட விட்டுக் கிளம்புங்க, லீவு சீசன்னா இன்னும் முன்னாடி. ஏழரை எட்டுக்கு யோங் பெங்ல இறங்கி ரொட்டி சானாய், கோப்பி. ஒன்பது மணிக்கு லாபிஸ், உங்க தோட்டம் இருந்தா அங்க ஒரு மணி நேரம். பதினொன்றரைக்கு சிகாமட், சாப்பாட்ட முடிச்சிட்டு ஒரு மணிக்கு மேல கெமாஸ், கெமென்சே பாலம். மழை இல்ல, எல்லாரும் தெம்பா இருக்காங்கன்னா அங்கேர்ந்து திரும்பி வந்து பகாவ் வழி, புள்ளைங்க தூங்கிட்டாங்கன்னா நேரா தம்பின் வழி. அஞ்சு மணிக்குள்ள சிரம்பான், ராத்திரி அங்கயே தங்கிடுங்க, ரூம் கேஎல் விட விலை கம்மி. ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சு பசியாறிட்டு கிளம்பினா கேஎல் ஒரு மணி நேரம்தான், அந்த நேரத்துக்கு ஹைவேயும் காலியாத்தான் இருக்கும்.